கிணறு வெட்டியவனின் பொறுப்பு

"இவன் செய்த தவறுக்கு இவனை அடித்தாகிவிட்டது, ஹஜ்ரத். இந்த விளையாட்டைச் செய்து உலகத்தில் விட்டானே, அவனுக்கு இதில் பங்கே கிடையாதா? கிதாபுகளில் என்ன சொல்லியிருக்கிறது?"

2025 மே மாதக் கடைசியில், ஏற்காட்டு ஏரிக்கரைச் சாலையில் மிளகும் காப்பித்தூளும் மலைத்தேனும் விற்கும் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கோடை விழாக் கூட்டம் கடைவாசலில் மோதிக்கொண்டிருந்தது. அவருடைய மகன், 13 வயதுப் பாலகன், மிளகு மூட்டையின்மீது தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஆறு வாரங்களில் தன் அத்தாவின் வங்கிக் கணக்கிலிருந்து 18,000 ரூபாயைக் கைபேசி விளையாட்டொன்றில் அவன் செலவழித்திருந்தான். ஒன்று வைத்து இரண்டு எடுக்கலாமென்று கட்டிய பந்தயப் பணமன்று அது. ஆட்டத்தில் தோன்றும் வீரனுக்கு உடை, அவன் துப்பாக்கிக்கு நிறம், திறந்தால் உள்ளே என்ன இருக்குமென்று தெரியாத பெட்டிகள் என்று வாங்கிய கணக்கு. பணம் போனதாக வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாக அழித்தும் வந்திருக்கிறான்.

கேட்டவர் பெரிய படிப்பாளி அல்லர். ஆயினும் அவர் கேட்டது அரசாங்கங்களும் நீதிமன்றங்களும் இன்றளவும் தடுமாறிக்கொண்டிருக்கும் கேள்வி. நாம் உடனே விடை கூறவில்லை. அதற்கு அறிவடக்கம் மட்டும் காரணமன்று. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்களும் மதரஸாக்களும் அடைபட்டுக் கிடந்தபோது, "பிள்ளைக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுங்கள், ஓதல் தடைப்படக் கூடாது" என்று சேலத்திலிருந்தபடியே இவரை வற்புறுத்தியது நாமே. எட்டு வயதில் அலிஃப், பே ஓதுவதற்காக அவன் கையில் ஏறிய கருவி, ஓதல் முடிந்த பின்னும் கையைவிட்டு இறங்கவில்லை.

சான்றுக்கு வேண்டுமென்று தகப்பனார் அந்த ஆட்டத்தை அழிக்காமல் வைத்திருந்தார். பையனை அழைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்த பெஞ்சொன்றில் போய் உட்கார்ந்தோம். அவன் சொல்லித்தர, நாமே விளையாடினோம். ஐம்பதைக் கடந்த ஒரு மௌலவி, தாடியும் தொப்பியுமாகத் துப்பாக்கி ஏந்தித் திரிவதை நின்று வேடிக்கை பார்த்த பயணிகளும் உண்டு. பத்து நிமிடம் பார்த்தால் போதுமென்றே தொடங்கினோம். நிமிர்ந்தபோது அஸர் ஜமாஅத் முடிந்துபோயிருந்தது.

முதல் மூன்று சுற்றிலும் நாம் வென்றோம். நமக்குச் சற்றுப் பெருமைகூட உண்டாயிற்று. "முதலில் எல்லாரையும் ஜெயிக்க விடும், ஹஜ்ரத். எதிரே வருகிறவர்கள் ஆட்களே இல்லை, மிஷின்" என்றான் பையன். பிறகு நாள்தோறும் வந்தால் கிடைக்கும் பரிசு ஒன்று வந்தது. ஒருநாள் தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதன்பின் திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம். குறிப்பிட்ட உடை இன்னும் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்குமென்று வினாடி வினாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. "அது ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்தால் போய்விடுமோ என்று இருக்கும்" என்று அந்தப் பிள்ளை தாழ்ந்த குரலில் சொன்னான். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாம் இத்தனை பக்கத்தில் விளக்க முயல்கிறோம்.

கடைக்குத் திரும்பியதும் நமக்குக் காப்பி வந்தது. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பர். இதே காப்பி 1511இல் புனித மக்காவில் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறது. அங்கே மம்லூக் ஆட்சியின் அதிகாரியாக இருந்த காயிர் பேக் என்பவர் மார்க்க அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி, காப்பி விலக்கப்பட்டதெனத் தீர்ப்புப் பெற்று, கிடைத்ததைக் கொளுத்தவும் செய்தார். கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணையோ, காப்பியின் பேரால் கூடுமிடங்களில் நடக்கும் தகாத செயல்களைத் தடுத்ததேயன்றிப் பானத்தை ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை. புதிய பொருளொன்று வந்ததும் பொருளையே குற்றவாளியாக்கிவிடும் அவசரம் நம் முன்னோர் சிலருக்கு இருந்தது. நமக்கும் இருக்கிறது.

திரை விளையாட்டுகளும் அந்த அவசரத்துக்குத் தப்பவில்லை. உருவங்களைக் காரால் மோதி வீழ்த்தும் 'டெத் ரேஸ்' என்ற ஆட்டம் 1976லேயே அமெரிக்காவில் பெரும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. வன்முறை ஆட்டங்களைச் சிறுவர்க்கு விற்கக் கூடாதென்று கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தை 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஆட்டத்தின் கதையே பிள்ளைகளை வன்முறைக்குத் தள்ளுகிறது என்பதற்கு அரசு காட்டிய ஆய்வுகள் அதனை நிறுவவில்லை என்று அந்நீதிமன்றம் கண்டது. இந்த அளவில் நமக்கும் உடன்பாடே. நம் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். புலிக்காய் நகர்த்தியவர் எவரும் ஆட்டைக் கடித்ததில்லை. சதுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், பந்தயம் கலவாமலும் தொழுகையைப் பிற்படுத்தாமலும் இருக்குமாயின் அதனை ஹராமென்று கூறவில்லை. விரும்பத்தகாதது என்ற அளவோடு நிறுத்தினார்கள். காய்களின் பெயர் யானை, குதிரை, படை என்றிருப்பதை அன்னார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் ஆடுகிறவனை என்ன செய்கிறது என்பதிலேதான் அவர்கள் கண் இருந்தது. (அன்று மாலை அஸரைத் தவறவிட்ட நமக்கு இது உறைத்தது.)

நம் நாட்டில் நடந்ததோ வேறு. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி ஆட்டத்துக்குக் காவல்துறை தடைவிதித்து, விளையாடிய இளைஞர்களைக் கைது செய்தது. ஆட்டத்தைச் செய்தவரை எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதே ஆட்டத்தை நாடு முழுவதும் தடுத்தது. அதற்குக் கூறிய காரணம் பிள்ளைகள் அல்லர், நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல்களும்.

இனி, கடைக்காரர் கேட்ட கிதாபுக்கு வருவோம். ஃபிக்ஹு நூல்களில் ஒரு தீங்கு நேர்ந்தால் இருவகை மனிதரைப் பிரித்துப் பார்ப்பார்கள். கையால் செய்தவர் முபாஷிர். செயலுக்கு வழி உண்டாக்கியவர் முதஸப்பிப். இருவரும் ஒருங்கே நின்றால் பொறுப்பு, கையால் செய்தவர் மேலேயே சாரும். துருக்கிய உதுமானியர் 1876இல் தொகுத்து முடித்த 'மஜல்லா' என்னும் ஹனஃபிச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி உண்டு. ஒருவர் கிணறு வெட்டினார். இன்னொருவர் பிறருடைய மாட்டை அதில் தள்ளினார். மாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் தள்ளியவரே. திராட்சைச் சாற்றை மது காய்ச்சுபவனுக்கு விற்பது பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறியதும் இந்தப் போக்கிலேதான்: விற்பனைக்கும் பாவத்துக்கும் இடையே சுதந்திரமான ஒரு மனிதனின் முடிவு வந்து நிற்கிறது. அன்னாரின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இதனை ஏற்காமல் அவ்விற்பனையை வெறுத்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது.

ஆட்டம் செய்வோர் இன்று இந்தத் திராட்சைச் சாற்றின்மேல்தான் நிற்கிறார்கள். "நாங்கள் கொடுத்தோம், அவர்கள் விரும்பி எடுத்தார்கள். கோடிக்கணக்கானோர் ஆடிவிட்டு எழுந்து போகவில்லையா?" என்கிறார்கள். வாதம் பலமானதுதான். அதே கடைக்காரரின் அண்ணன் மகன் அதே ஆட்டத்தை அரைமணி ஆடிவிட்டு மூடிவைத்துப் படிக்கப் போகிறானாம்.

ஆனால் கிணற்று விதி அங்கே முடியவில்லை. தன் நிலத்தில் வெட்டிய கிணற்றில் எவரேனும் விழுந்தால் வெட்டியவர் பொறுப்பல்லர். பொதுவழியில் அனுமதியின்றி வெட்டினால் அவர் பொறுப்பாளி, தள்ளியவர் எவரும் இல்லாவிட்டாலும். தெரிந்தே ஒருவர் குதித்தால் மீண்டும் வெட்டியவர் விடுபடுகிறார். ஆக, நூலோர் கேட்பது கிணறு எங்கே வெட்டப்பட்டது, விழுந்தவர் கண்டு விழுந்தாரா, காணாமல் விழுந்தாரா என்பது. வழியில் வெட்டி, மேலே தழை பரப்பிவைத்தவர், "ஒன்பது பேர் தாண்டிப் போனார்களே" என்று சொல்லித் தப்ப முடியாது.

அந்தக் கடிகாரம் தழை. உடை என்பது ஒரு சித்திரம், அதற்குக் குறைவேது? நாளையும் எத்தனை வேண்டுமானாலும் தரலாம். தட்டுப்பாடே இல்லாத பொருளுக்குத் தட்டுப்பாட்டைக் கற்பித்து, பிள்ளை யோசிக்கும் நேரத்தை அது பிடுங்குகிறது. தொடக்கத்தில் வென்றோமே, அந்த வெற்றியும் தழைதான். உள்ளே இருப்பது தெரியாத பெட்டியைச் சூதாட்டமென்றே பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் கூறிவிட்டது. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தைச் செய்த எபிக் கேம்ஸ் நிறுவனம், ஆடுபவர் வேண்டாத பொருளையும் தவறி வாங்கும்படி பொத்தான்களை அமைத்தது என்ற குற்றச்சாட்டில் 2022 டிசம்பரில் 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பித்தர அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துடன் உடன்பட்டது. அங்கே விசாரிக்கப்பட்டது துப்பாக்கியன்று, பொத்தான். இவர்கள் விற்பது சாறன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. புளிக்கவைத்த பிறகே கடைக்கு அனுப்புகிறார்கள்.

மறுநாள் காலை சேலத்துக்குப் பேருந்தில் இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த பலகை. 2024 ஏப்ரல் 30 அன்று மாலை, இதே வழியில் இறங்கிய தனியார் பேருந்து ஒன்று 13ஆவது வளைவருகே தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்து உயிர்கள் போயின. அந்த இடம் வந்ததும் பேருந்தில் பேச்சு நின்றது. பிடிசக்கரம் ஓட்டுநர் கையில்தான் இருக்கிறது. அதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் சாலை போட்டவர் எண் எழுதுகிறார், சுவர் எழுப்புகிறார், சுவர் உடைந்தால் மறுபடி கட்டுகிறார். வண்டி விழுவதால் அவருக்கு ஒரு காசு வருமானம் இல்லை. விழும் ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்குக் கூலி கிடைக்குமானால் இந்த வளைவுகள் எப்படி இருந்திருக்குமென்று நினைத்துப் பார்த்தோம். நிறுத்தத் தெரிந்த பிள்ளையால் ஆட்டம் செய்பவருக்கு வரும் பணம் சொற்பம். நிறுத்த முடியாத பிள்ளையிடமிருந்தே பெட்டி நிறைகிறது. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தான், எதைக் கண்டு பணம் கட்டினான் என்பது தகப்பனுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அறிவும் ஆதாயமும் ஒருபக்கம் இருக்கையில் பொறுப்பு முழுவதையும் மறுபக்கம் ஏற்றுவது எந்த மத்ஹபிலும் அடங்காது.

சுவர் எழுப்ப அவர்களால் இயலாதென்றும் சொல்வதற்கில்லை. பப்ஜியின் இந்திய வடிவம் 2023 மேயில் திரும்ப அனுமதி பெற்று வந்தபோது, 18 வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்க்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. மூன்று மணியும் அதிகமென்பது நம் கட்சி. ஆனால் வரம்பு வைக்கக் கூடுமென்பது அதனால் உறுதியாயிற்று.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புவதைக் காண்கிறோம். இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் நிறைவேற்றிய சட்டம் ஆடியவருக்கு மூன்று மாதம்வரை சிறை, நடத்தியவருக்கு மூன்றாண்டுவரை என்று பங்கிட்டது. பண ஆட்டங்களை நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை மூடவேண்டுமென்ற தமிழக விதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் சரியென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பண ஆட்டம் நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை விதித்து, ஆடுபவரைத் தண்டிக்காமல் விட்டது. ராஜ்கோட்டில் கைவிலங்கு பூண்டவர்கள் இருந்த இடத்தை ஆறே ஆண்டுகளில் வேறொருவர் நிரப்புகிறார்.

அந்தச் செய்தி வந்த அன்று கடைக்காரர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "நம் கேஸ் இதில் வருமா, ஹஜ்ரத்?" என்றார். பணம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டத்தையே இச்சட்டம் பிடிக்கிறது, உங்கள் பிள்ளை எதையும் வெல்வதற்காகப் பணம் கட்டவில்லை என்று விளக்கினோம். வேறொரு வழியைச் சொன்னோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வயது வராதவன் செய்த ஒப்பந்தம் நில்லாது. நம் ஷரீஅத்திலும் பருவமடையாப் பிள்ளையின் வாங்கல் விற்றல் வலீயின் இசைவுக்குக் காத்திருப்பது. அதைச் சுட்டி அந்நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைக் கேளுங்கள் என்றோம். கைபேசி விஷயத்தில் நம் பங்கையும் அப்போது வாய்விட்டே சொன்னோம். "ரகசிய எண்ணை அவன் முன்னால் அமுக்கியது நான்தானே" என்றார் அவர்.

கடிதத்தைப் பையனையே எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு வாரம் கழித்து அதனை நமக்குப் படித்துக் காட்டினான். கடிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தான், பெட்டிகளைப் பற்றி எழுதியிருந்தான். நடுவில், யாரும் சொல்லித் தராமல், வங்கிச் செய்திகளை அழித்தது விளையாட்டு அன்று, நான்தான் என்றும் எழுதியிருந்தான். அந்த வரி இருந்தால் பணம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தகப்பனார் பின்னாலிருந்து கவலைப்பட்டார். இருக்கட்டும் என்றோம். றகரம் வரவேண்டிய இரண்டு இடங்களில் ரகரம் இருந்ததை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்லி, அனுப்பச் சொன்னோம்.