பால் வார்த்த கையும் தானியம் தூவிய கையும்

சென்ற பங்குனித் திங்களில் ஒருநாள் காலை, நம் இல்லத்துப் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் ஒரு தவிட்டுக்குருவி இறந்து கிடந்தது. அருகே நம் வீட்டுப் பூனை தன் முன்கால்களை நக்கித் தூய்மை செய்துகொண்டிருந்தது. பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற பேத்தி அதனைக் கண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும், "பாட்டி, இந்தப் பாவம் யாரைச் சேரும்? பூனையையா, நம்மையா?" என்று வினவினாள்.

பல்லாண்டுகள் வகுப்பறையில் விடை கூறிப் பழகிய நமக்கு அன்று விடை வரவில்லை. விடை தெரியாத வினாவுக்கு "நாளை கூறுகிறேன்" என்று சொல்லலாம், ஆனால் அந்த நாளை வந்தே தீர வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்தார்கள். நமக்கு அந்த நாளை வர மூன்று திங்கள்கள் ஆயின. பேத்திக்குக் கூறியதையே இங்கு அறப்பெருமக்கள் முன் வைக்கின்றோம்.

ஆம்பூரில் பாலாற்றுக்கு அண்மையில் நம் வீடு. கதிரவன் மறையுமுன் உண்டு முடித்து, நீரை வடிகட்டிப் பருகி, விளக்கில் விழும் விட்டிலுக்கும் இரங்கும் வீடு அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அடைமழையில் நனைந்து வந்த ஒரு பூனைக்குட்டிக்குப் பால் வார்த்தோம். அது தங்கிவிட்டது. பாலும் தயிர்ச்சோறும் உண்டு வளர்ந்தமையால், "எங்கள் பூனை சைவப் பூனை" என்று உறவினரிடம் பெருமை பேசினோம். இரவுணவைத் துறந்த வீட்டில் இரவெல்லாம் வேட்டையாடும் ஓர் உயிர் வாழ்கிறது என்பதை அணிலின் வாலும், ஓணானின் தலையும், அரணையின் உடலும் வாயிற்படியில் கிடந்தபோதும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்தோம்.

இன்னொன்றும் செய்தோம். நாள்தோறும் விடியலில் அதே முருங்கை மரத்தடியில் பறவைகளுக்கு நொய்யரிசி தூவி வந்தோம். ஒரு கை பூனைக்குப் பால் வார்த்தது. மற்றொரு கை பறவைகளை அப்பூனையின் முன் அழைத்து நிறுத்தியது. இரண்டும் தானமே. இரண்டும் சேர்ந்தபோது அவ்விடம் கொலைக்களமாயிற்று.

பூனையின் இயல்பு

பூனைக்கு வேட்டையும் பசியும் ஒன்றல்ல. வயிறு நிறைந்த பூனையும் அசைவதைக் கண்டால் பாயும். மேலும், அது புலால் உண்டே வாழுமாறு அமைந்த உடல். டாரின் என்னும் சத்தினைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. அச்சத்துக் குறைந்தால் கண்பார்வை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இதயம் தளரும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் அறிஞர் கண்டறிந்தனர். தயிர்ச்சோற்றில் அச்சத்து இல்லையென்றே சொல்லலாம்.

2013ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் பூனைகளால் மடிவதாகக் கணக்கிட்டது. அவற்றுள் பெரும்பகுதி உரிமையாளர் இல்லாப் பூனைகளால் நேர்வது. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ நம்மைத் தூங்கவிடாத செய்தியொன்றைக் கூறுகிறது. இறைச்சி மிகுந்த உணவு அளித்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 விழுக்காடு குறைந்தது. கழுத்து மணியால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் காணப்படவில்லை. அவ்வாறாயின், நாம் பெருமையுடன் அளித்த தயிர்ச்சோறே அதனை வேட்டைக்கு அனுப்பியிருக்கலாம் அன்றோ?

ஆன்றோர் கூறியது

நம் முன்னோர் இதனை எண்ணாமல் இல்லை. இல்லறத்தார் விலக்க வேண்டிய அனர்த்த தண்டங்களுள் ஹிம்சாதானம் ஒன்று. கோடரி, வாள், தீ முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குவதை இரத்தினகரண்டகம் அதன்கண் அடக்கும். கார்த்திகேயானுப்பிரேட்சை என்னும் பிராகிருத நூல், பூனை முதலியவற்றை வளர்ப்பதையும் அதே வரிசையில் வைத்து எண்ணுகிறது. நம் பூனை இருமுறை ஈன்ற குட்டிகளை, "நல்ல இடத்தில் சேர்த்தோம்" என்று மகிழ்ந்து ஊரில் பல வீடுகளுக்கு வழங்கினோம். அவை வாளினும் கூரிய நகங்கள் என்று அன்று தோன்றவில்லை.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை உலகறிந்தது. அங்கே பருந்து முதலிய ஊனுண்ணிப் பறவைகளுக்குப் புற நோயாளிகளாக மருத்துவம் செய்வர். ஏனைய பறவைகளுடன் உள்ளே தங்கவைப்பதில்லை. துன்புறும் உயிரை வெறுக்கவில்லை. ஆயினும் அதன் இயல்பை மறக்கவும் இல்லை. இந்த நிதானம் நமக்கு இல்லாமற் போயிற்று.

"மகாவீரர் முற்பிறவியில் சிங்கமாயிருந்து, சாரண முனிவரின் அறவுரை கேட்டுக் கொலையைத் துறக்கவில்லையா? பூனை ஏன் துறக்கலாகாது?" என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அச்சிங்கம் உணர்ந்து, தானே துறந்தது. நாம் தட்டில் இட்ட தயிர்ச்சோறு பூனையின் விரதம் ஆகாது. அது நம் மனநிறைவுக்காக நாம் அதன்மேல் ஏற்றிய சுமை.

யசோதர காவியத்தை நினைந்து பார்ப்போம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட மன்னனும் அவன் தாயும் மறுபிறவியில் மயிலும் நாயுமாய்ப் பிறந்து ஒரே அரண்மனையில் வளர்கின்றனர். அந்த நாயே அந்த மயிலைக் கவ்விக் கொல்கிறது. தாய் மகனை அறியவில்லை. முருங்கையடியில் கிடந்த குருவி யாருடைய தாயோ, யாருடைய மகனோ!

இருபுறமும் முள்

அப்படியானால் பூனையை வெளியேற்றிவிடலாமா? சாக்கில் கட்டிக் கடைத்தெருவில் விட்டால், அது அங்கும் கொல்லும்; பசியால் மிகுதியாகவும் கொல்லும். பாவத்தை இடம் மாற்றுவது பாவம் நீக்குவது ஆகாது.

வீட்டில் அடைத்து வைக்கலாமா? கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், ஊண்நீர் மறுத்தல் என்னும் ஐந்தும் கொல்லாமை விரதத்தின் குற்றங்கள். அடைத்தால் கட்டுதல். கருத்தடை செய்தால் உறுப்பறுத்தல். உடலுக்கு ஒவ்வாத சோற்றையே இட்டால் ஊண் மறுத்தலுக்கு ஒப்பு. புலால் வாங்கி இட்டாலோ கொலையைச் செய்வித்தல். பக்கத்து வீட்டு அம்மையார் அன்புடன் நம் பூனைக்கு மீன்தலை இடுவதுண்டு. நாம் கேட்டதில்லை, தடுத்ததும் இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனுள் மூன்றாவது நம்மிடம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பூனையைப் பழிக்குமுன் நம் மடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் இல்லத்தவர் இவ்வூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிய ஊதியத்தில்தான் அந்தப் பாலும் வந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதைக் குறிப்பிட்டது. அந்த நிலத்திலும் நீரிலும் மடிந்த உயிர்களை எந்தப் பூனையும் கொல்லவில்லை.

பேத்திக்குக் கூறிய விடை

கவனமின்மையால் உயிரைப் போக்குவதே கொலை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கும். பூனையின் வினையைப் பூனை சுமக்கும். அது நாம் அளக்கும் பொருளன்று. ஆனால் கவனமாய் இருக்கக் கூடியவர் அவ்வீட்டில் நாமே, இராதவரும் நாமே. ஆகவே, "குருவியின் உயிரில் நம் பங்கு உண்டு, குழந்தாய்" என்றோம். "அப்படியானால் என்ன செய்யலாம்?" என்றாள். அதுவே முதற்கேள்வியினும் சிறந்தது.

நாம் செய்தவற்றைக் கூறுகிறோம். மாலை முதல், காலையில் வெயில் ஏறும்வரை பூனையை வீட்டினுள் வைத்திருக்கிறோம். பேத்தி மாலைதோறும் கயிற்று நுனியில் துணிப்பந்து கட்டி அதனுடன் விளையாடுகிறாள். தானியம் தூவுவதை முருங்கையடியிலிருந்து பூனை ஏற முடியாத மொட்டைமாடித் தொட்டிக்கு மாற்றினோம். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்வித்தோம். பிறவா நூறு வேட்டைகளுக்கு முன் அந்த ஒரு கீறல் சிறிது என்று துணிந்தோம். எனினும் அது குற்றமே என்று அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் சொல்லி வருந்தினோம். உணவைப் பற்றிய வினா மட்டும் தீரவில்லை. மருத்துவர் குறித்த டாரின் மருந்தைப் பாற்சோற்றில் கலந்து தருகிறோம்; மீன்தலையைக் கண்டும் காணாதிருக்கிறோம். இதனை நியாயம் என்று வாதிட மாட்டோம்.

இப்பூனையை அதன் ஆயுள் உள்ளவரை காப்போம். அதன்பின் வேறொன்றை வளர்க்க மாட்டோம் என்று விரதம் பூண்டுள்ளோம். பூனையோ நாயோ குழந்தைகள் விரும்பிக் கேட்கும்போது, "அதற்குச் சோறிட முடியுமா?" என்று மட்டும் எண்ணாமல், "அது எதனை உண்ணும்?" என்றும் எண்ணிப் பார்க்குமாறு சிராவக சிராவகியரை வேண்டுகிறோம்.

இப்பொழுது விடியலில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் மாடிக்கு வருகின்றன. சாளரத்தின் உட்புறம் அமர்ந்து பூனை அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பேத்தி நாள்தோறும் அவற்றை எண்ணிக் குறித்து வைக்கிறாள்.

அறம் வளர்க!