ஐந்தாவது தீ

மாங்காட்டுத் தல வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அம்மன் காஞ்சிக்குப் புறப்பட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஈசனின் கண்களை அவள் விளையாட்டாகப் பொத்தியதில் உலகம் இருண்டது. அந்தப் பிழை தீர மாமரக் காட்டில் தீ நடுவே இடது கால் கட்டைவிரலை ஊன்றி, வலது காலை மடித்து நின்று தவம் செய்தாள். பிறகு காஞ்சி சென்று ஏகம்பனை மணந்தாள். ஆனால் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அவள் போன பின்னும் மூட்டிய தீ அணையவில்லை. ஊர் வெந்தது, மக்கள் வாடினார்கள். ஆதிசங்கரர் வந்து மூலிகைகளால் ஆன அர்த்தமேரு என்னும் ஸ்ரீசக்கரத்தை நிறுவிய பிறகுதான் வெம்மை தணிந்தது என்கிறது தல வரலாறு. கருவறையில் இன்றும் அர்த்தமேருவே பிரதானம். இதை யாரும் சரித்திரச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் கதை ஒன்றைக் கூர்மையாகக் கேட்கிறது. அவள் நின்றபோது தவமாக இருந்த அதே தீ, அவள் போனதும் ஊருக்குக் கேடானது எப்படி? தீயின் சூடு கூடவுமில்லை, குறையவுமில்லை. அதை விரும்பி ஏற்றவள் அங்கே இல்லை; விரும்பாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொரு கோடையிலும் பொது சுகாதாரத் துறை வெளியிடும் அறிவுரையை இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்கலாம். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், ஓ.ஆர்.எஸ். கரைசல், நீர்மோர், எலுமிச்சைச் சாறு அருந்துங்கள், தளர்வான பருத்தி உடை அணியுங்கள் என்று பட்டியல் வரும். (ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொள்ளும் மாங்காட்டு பக்தர்களுக்கு அந்தப் பழத்தின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.) அறிவுரையின் அடிப்படை எளியது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதம், உயிரையே பறிக்கக்கூடியது. இதில் பக்தருக்கும் நாத்திகருக்கும் பேதம் இல்லை.

ஆனால் கோயில் ஊரில் இந்த அறிவுரைக்கு எதிராக ஒரு மனநிலை உண்டு. அம்மனே தீயில் நின்றாள், நாம் வெயிலுக்கு அஞ்சுவதா என்பது அது. பஞ்சாக்னி தவத்தில் நான்கு புறமும் தீ, ஐந்தாவது தீ தலைக்கு மேல் நிற்கும் சூரியன் என்று ஒரு மரபு இருப்பதால், கத்திரி வெயிலில் செருப்பில்லாமல் நடப்பதும் அந்தத் தவத்தில் ஒரு துளி என்று தோன்றிவிடுகிறது. இந்த உணர்வை ஏளனம் செய்ய நான் தயாரில்லை. தன் உடலைத் தான் வருத்திக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் திருக்குறளில் தவம் என்னும் அதிகாரத்தின் முதல் குறள் தவத்துக்கு இரண்டு இலக்கணம் வகுக்கிறது: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது ஒன்று, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதது இன்னொன்று. முதல் பாதியை நாம் கொண்டாடுகிறோம், இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகிறோம். வெயிலில் நடப்பவரின் இடுப்பில் இருக்கும் குழந்தை எந்த வேண்டுதலும் செய்யவில்லை. பந்தலில்லாத வெளியில் கூட்டத்தைக் கூட்டுபவர் தவம் செய்யவில்லை. மற்றவர்களைச் செய்ய வைக்கிறார்.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் நடந்தது இதற்குச் சான்று. ஆன்மிக வழிகாட்டியாகப் பலர் மதிக்கும் அப்பாசாகேப் தர்மாதிகாரிக்கு மகாராஷ்டிர பூஷண் விருது வழங்கும் அரசு விழா. லட்சக்கணக்கான அன்பர்கள் திறந்த மைதானத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குக் கூரை இருந்தது, மைதானத்துக்கு இல்லை. வெப்பத்தால் 14 பேர் இறந்தார்கள். அவர்களுடைய பக்தியில் குறை காண முடியாது. பக்தர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பி நிழல் போடாமல் விட்டதுதான் குற்றம். நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அது கத்திரிக் காலம்கூட இல்லை.

எனவே சுகாதாரத் துறையின் அறிவுரையிலும் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. அது முழுக்க முழுக்கத் தனி மனிதரை நோக்கிப் பேசுகிறது. 12 மணிக்கு வெளியே வராதே என்பது சம்பளத்தோடு விடுப்பு உள்ளவருக்குப் பொருந்தும். பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளில் சென்ட்ரிங் கம்பி கட்டுபவர், மொட்டை மாடியில் கலவை தூக்கும் சித்தாள், பைக்கில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் பையன் ஆகியோர் அந்த மூன்று மணி நேரத்தை யாரிடம் கேட்டு வாங்குவது? வேலை முடிந்து போய்ப் படுக்கும் தகரக் கொட்டகை இரவிலும் ஆறுவதில்லை. இவர்கள் நிற்பது அம்மன் விட்டுச்சென்ற தீயில். அங்கே தேவைப்படுவது பொறுமை பற்றிய உபதேசம் அல்ல. தீயைத் தணிக்கும் ஏற்பாடு வேண்டும். அது முடியாத காரியமும் அல்ல. 2010 மே மாத வெப்ப அலையில் 1,300க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்களைக் கண்ட அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர் மையங்கள், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றோடு தொடங்கிய அந்தத் திட்டம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கும் என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லதுதான். ஆனால் நிவாரணம் செத்த பிறகு வருவது.

அவரவர் துன்பம் அவரவர் வினை, அதில் ஊர் ஏன் தலையிட வேண்டும் என்பார்கள் சிலர். அப்படியானால் திங்களூரில் அப்பூதி அடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் ஏன் தொண்டாகப் பாட வேண்டும்? வழிப்போக்கரின் தாகம் அவர் வினை என்று அடிகள் சும்மா இருந்திருக்கலாமே. வினைக் கொள்கை என் துன்பத்தை நான் தாங்கிக்கொள்ள உதவலாம். பக்கத்து வீட்டுக்காரர் துன்பத்துக்கு அதை விளக்கமாகச் சொன்னால் அது கல்நெஞ்சம். இதற்கெல்லாம் புராணம் எதற்கு, வெப்பமானி போதாதா என்று பகுத்தறிவாளர் கேட்பதும் நியாயம். எத்தனை டிகிரியில் உடல் தளரும் என்பதை வெப்பமானி சொல்லும். நிழலை யார் யாருக்குப் போட வேண்டும் என்று அது சொல்லாது.

கோயில் பிராகாரத்தில் தேங்காய் நார் விரிப்புப் போடுவதையும் நீர்மோர் கொடுப்பதையும் இன்று பல கோயில்கள் வழக்கமாக்கியிருக்கின்றன. அந்த நிழல் மதிலைத் தாண்டியும் போகட்டும். திருப்பணி நடத்துபவர்களும் வீடு கட்டுபவர்களும் வருகிற கத்திரியில் 12 முதல் 3 வரை வேலையை நிறுத்துங்கள். அந்த மூன்று மணி நேரக் கூலியைப் பிடிக்காதீர்கள்.