சுமந்தவனுக்கு எவ்வளவு தண்டனை?

போதைப் பொருளைக் கூலிக்குச் சுமந்து வந்த ஒருவன் பிடிபடுகிறான். சரக்கு அவனுடையதன்று, விற்று வரும் இலாபத்திலும் அவனுக்குப் பங்கில்லை. கொடுத்தனுப்பியவன் எங்கோ பத்திரமாக இருக்கிறான். பிடிபட்டவனுக்கு எவ்வளவு தண்டனை தகும்?

சிங்கப்பூர்ச் சட்டம் இதற்குத் தராசைக் கொண்டு விடை சொல்கிறது. கடத்தப்பட்டது 15 கிராம் சுத்த ஹெராயினைத் தாண்டினால் தூக்கு. 1975-இல் வந்த விதி இது. 2009-இல் மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் கணித்திருந்தார். 2022 ஏப்ரல் 27-இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

சுமப்பவன் குற்றமற்றவன் என்று நாம் வாதிட வரவில்லை. மதுவின் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்ததாகத் திர்மிதீயில் வரும் ஹதீஸை நேயர்கள் அறிவர். அப்பத்துப் பேரில் அதைச் சுமப்பவனும் ஒருவன். ஆனால் அதே பத்துப் பேருக்கும் இவ்வுலகத் தண்டனை ஒன்றாக வைக்கப்படவில்லை. 'ஹத்து' குடித்தவனுக்கு மட்டுமே. பிழிந்தவன், விற்றவன், சுமந்தவன் ஆகியோரின் தண்டனை 'தஃஸீர்'. காழி ஆளையும் செயலையும் பார்த்து முடிவு செய்வது. பாவத்தில் ஒன்றாக எண்ணப்பட்டவர்கள் தண்டனையில் வேறுபடுகிறார்கள்.

வழிப்பறியைப் பற்றிய சட்டத்திலும் இக்கேள்வி எழுந்துள்ளது. கொள்ளையரோடு நின்று காவல் காத்தானே தவிர, எவரையும் தொடாதவனை என்ன செய்வது? கொள்ளையனுக்குரிய தண்டனையே அவனுக்கும் என்பர் ஹனஃபீ, மாலிக்கீ அறிஞர்கள். பின்னால் நிற்பவனின் பலத்தில்தான் முன்னால் இருப்பவன் துணிகிறான் என்பது ஹனஃபீகளின் காரணம். ஷாபிஈ மத்ஹபில் அவனுக்குத் தஃஸீர் மட்டுமே. (நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் இருப்பதால், திண்ணைகளில் இது நல்ல விவாதத்துக்கு உதவும்!) ஹனஃபீ கூற்றையே எடுத்துக்கொண்டாலும், காவல் நின்றவன் கூட்டத்தில் ஒருவன், கொள்ளைப் பொருளில் பங்குடையவன். கூலிக்கு ஒரு பொட்டலம் சுமந்தவனை அவனோடு ஒப்பிட முடியுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

கருணை காட்டினால் வணிகன் இன்னும் ஏழைகளையே தேடிப் பிடித்து அனுப்புவான் என்பது எதிர்வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. போதையால் அழிந்த வீடுகளைக் கண்டவர்கள்தாம் இப்படிப் பேசுகிறார்கள். ஆயினும் சுமந்தவன் தூக்கில் தொங்கும்போது வணிகன் இழந்தது என்ன? ஒரு பொட்டலமும் ஒரு கூலியாளும். மறுநாளே வேறொருவன் கிடைப்பான். எச்சரிக்கை போய்ச் சேர வேண்டியவனுக்குச் சேரவில்லை.

2013 முதல் சிங்கப்பூரில் ஒரு வழி திறக்கப்பட்டது. குற்றவாளி சுமப்பவன் மட்டுமே என்று தெரிந்து, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினான் என்று அரசு வழக்குரைஞரும் சான்றளித்தால், நீதிபதி தூக்குக்குப் பதிலாக ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். மனநிலைப் பாதிப்பால் பொறுப்பு குன்றியவனுக்கு ஆயுள் சிறை. மேற்சொன்ன இளைஞருக்குச் சான்றிதழும் கிடைக்கவில்லை. மனநிலை பற்றிய வாதமும் ஏற்கப்படவில்லை.

இச்சான்றிதழைச் சற்று யோசித்துப் பாருங்கள். கூட்டத்தின் உள்விவரம் தெரிந்தவனிடம்தான் காட்டிக்கொடுக்கப் பெயர்கள் இருக்கும். தெருமுனையில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பாலம் கடந்தவனிடம் என்ன இருக்கும்? பங்கு குறையக் குறைய அறிந்ததும் குறைகிறது. உயிர் பிழைக்கும் வழியும் குறைகிறது. குற்றத்தில் கடைசியில் நின்றவன் தண்டனையில் முதலில் நிற்கிறான். அவன் எவ்வளவு தீயவன் என்பதை விட்டு, அரசுக்கு எவ்வளவு பயன்பட்டான் என்பதைக் கொண்டு உயிரை நிறுப்பது நீதியாகுமா?

மலேசியாவில் 2023-இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. தூக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் ஏதும் கேளாமல், அகப்பட்டவனின் பங்கைப் பார்த்து உயிரை விட்டுவைக்க நீதிபதிக்கு இடமுண்டு. ஜொகூர்ப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான்.