லிஸ்பனைத் தவிர

நிக்கோலாவ் பிமெந்தா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் இருந்த சேசு சபை நிலையங்களைப் பார்வையிட்டு மேலிடத்துக்கு எழுதுவது அவர் பொறுப்பு. அவர் எழுதிய கடிதத்தில் செஞ்சியைப் பற்றி ஒரு கருத்து வருகிறது. இந்தியாவில் தான் கண்ட ஊர்களில் இதுவே பெரிது; லிஸ்பனை விட்டுவிட்டால் போர்த்துகலில் இதற்கு ஈடாக ஒரு நகரமும் கிடையாது என்கிறார்.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் அடிவாரத்தில், கல்யாண மகாலைப் பார்த்தபடி உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கருத்துதான் நினைவுக்கு வருகிறது. புகழ்ச்சியாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பழகிய ஒரு மனிதர், தன் நாட்டை மனதில் வைத்துக்கொண்டு எடுத்த அளவு அது.

*

போர்த்துகல் நான் போகாத நாடு. அட்லாண்டிக் ஓரமாக நீளவாக்கில் கிடக்கிறது. பரப்பு சுமார் 92,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கும் குறைவு. பிமெந்தாவின் ஒப்பீட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதன் நகரங்களுக்குள் போய்வருகிறேன், வரைபடங்கள் வழியாக, படங்கள் வழியாக.

போர்த்தோ, ஆறு கடலைச் சேரும் இடத்தில் செங்குத்தான கரைமேல் ஏறி நிற்கிற கருங்கல் ஊர். கொயிம்ப்ராவில் குன்றின் தலையில் பல்கலைக்கழகம். 1290-ல் லிஸ்பனில் தொடங்கி, இடம் மாறி மாறி, 1537-ல் அங்கே நிலைத்தது. எவொரா உள்நாட்டு ஊர். நடுவில் ரோமானியர் காலத்துத் தூண்கள், சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள். அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர வளைவு வளைவாகக் கட்டிய கால்வாயும் 1537-ல்தான் முடிந்தது.

இங்கே செஞ்சியிலும் தண்ணீரைக் குளங்களிலிருந்து மண்குழாய்களில் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். செட்டிக்குளமும் சக்கரக்குளமும் இன்றும் இருக்கின்றன. கருங்கல்லின் மேல் ஓர் ஊரை வைத்துவிட்டு அதற்குத் தண்ணீர் காட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பது, சித்திரை வெயிலில் ராஜகிரியின் ஏறக்குறைய 800 அடி உயரத்தை ஏறிப் பார்த்தால் தெரியும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது; 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் போட்ட பாலத்தைக் கடக்கிறவர்கள் எல்லோரும் காவலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த உயரத்துக்குக் குடம் சுமந்தவர்களின் நினைவு வரும்.

*

பிமெந்தா, செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரை முதலில் சந்தித்தது சிதம்பரத்தில். கோவிந்தராசப் பெருமாள் சந்நிதித் திருப்பணியை நாயக்கர் முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். தில்லை தீட்சிதர்கள் அதை எதிர்த்தார்கள். அவர்களில் பலர் கோபுரத்தில் ஏறிக் குதித்து உயிரை விட்டார்கள். பாதிரியார் அதையும் எழுதிவைத்திருக்கிறார். நாயக்கர் தாம்பூலம் கொடுத்ததையும், விருந்தாளிகள் வெற்றிலை போடாததைப் பார்த்து அவர் வியந்ததையும் அதே கடிதத்தில் படிக்கலாம். ஒரே கடிதத்தில் இவை அடுத்தடுத்து வருவது என்னை நிலைகுலையச் செய்கிறது. பெரிய நகரத்தின் அரசர் என்றால் இவ்வளவும் சேர்ந்தவர்தான்.

செஞ்சியில் காவல் மாறாத வாயில்களையும், பீரங்கிகளையும், வெடிமருந்தையும், தெளிந்த ஊற்றையும் அவருக்குக் காட்டினார்கள். தங்குவதற்குக் கொடுத்த இடத்தில் வெக்கை தாங்கவில்லை, தோப்புக்குப் போய்விட்டார்கள். செஞ்சி வெயிலை அறிந்தவன் இந்த இடத்தில் அவரோடு உடனே ஒட்டிக்கொள்வான்.

*

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் லிஸ்பனுக்குப் போய்விட்டது. 1554-ல் அங்கே ஒரு சிறு மறைக்கல்வி நூலை அச்சிட்டார்கள். தமிழ்ச் சொற்கள், ஆனால் ரோமன் எழுத்தில், கூடவே போர்த்துகீசியப் பொருள். அந்த மொழிபெயர்ப்பில் நம் பக்கத்திலிருந்து போன மூன்று பேர் உழைத்தார்கள். லிஸ்பன் தெருக்களைத் தங்கள் ஊர்களோடு ஒப்பிட்டு அவர்களும் ஒரு கடிதம் எழுதியிருந்தால்! அப்படியொரு கடிதம் என் கைக்கு வந்திருந்தால் பிமெந்தாவை இத்தனை முறை படித்திருக்க மாட்டேன்.

*

ராணிக் கோட்டைப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் பாதிரியார் சொன்னதைச் சொன்னேன். கோலை ஊன்றி நின்று கேட்டார்.

“அம்மாம் பெரிய ஊருன்னா ஊடெல்லாம் எங்க சார்?”

அதுதான் கேள்வி. களஞ்சியம் நிற்கிறது. குதிரை லாயம் நிற்கிறது. கோயில்கள், மசூதி, யானைக்குளம், படைக்கலம் பழகிய கூடம் எல்லாம் இருக்கின்றன. அரசருக்கும் தெய்வத்துக்கும் நெல்லுக்கும் குதிரைக்கும் கல்லில் இடம் கட்டினார்கள். நெய்தவர், குயவர், எண்ணெய் ஆட்டியவர், சிப்பாயின் மனைவி ஆகியோர் மண் சுவரும் கூரையுமாக இருந்திருப்பார்கள். மண் சுவர் ஆண்டுக்கு ஒருமுறை பூசினால்தான் நிற்கும். பூசுவதற்கு ஆள் இல்லாத ஊரில் நாலைந்து மழையில் அது கரைந்து, கடைசியில் வேலிக்காத்தான் முளைக்கிற மேடு ஆகிவிடும்.

எவொராவின் வெள்ளை வீடுகளும் அப்படித்தான். மனிதர்கள் விட்டுப் போகாததால், சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்ததால் நிற்கின்றன.

*

1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். லிஸ்பன் காலை வழிபாட்டில் இருந்தபோது நிலம் அதிர்ந்தது, பின் கடல் ஏறியது, பின் தீ. பிமெந்தா விலக்காகச் சொன்ன அந்த ஒரு நகரம் சில மணி நேரத்தில் சிதைந்தது. ஆனால் அங்கே இருந்தவர்கள் இடிபாடுகளுக்கு நடுவே நேர்த்தெருக்கள் போட்டு அதே இடத்தில் மறுபடி குடியேறினார்கள்.

செஞ்சியில் நிலம் அதிரவில்லை. 1649-ல் பீஜப்பூர் வந்தது. 1677-ல் சிவாஜி. 1690-ல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது; எட்டு ஆண்டு முற்றுகைக்குள் ஓர் ஊர் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. பிறகு அதிகாரம் ஆற்காட்டுக்கு நகர்ந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். ஒவ்வொரு கை மாற்றத்திலும் கோட்டை தப்பியது, ஊர் கொஞ்சம் கலைந்தது. தூண்கள்கூடப் புறப்பட்டுப் போயின. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. கடல் பார்க்காத ஊரின் கல் அங்கே உப்புக்காற்றில் நிற்கிறது.

*

இரண்டு இளைஞர்கள். போர்த்துகல் அரசர் செபஸ்தியாவ் 1578-ல் மொரோக்கோவில் தன் படையைவிடப் பெரிய படையோடு மோதி இறந்தபோது அவருக்கு 24 வயது. பனிமூட்டமான ஒரு காலையில் திரும்பி வருவார் என்று அந்த மக்கள் நெடுநாள் நம்பினார்கள். நம் தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து விழுந்தபோது அவனும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவன். அவன் கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றும் குதிரை ஏறுகிறான். தோழன் மோவுத்துக்காரனோடு அவன் புறப்படுகிற கட்டத்தில் என் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஆனாலும் தேசிங்கு செஞ்சியில் ஆட்சி செய்தது சில மாதங்கள். அந்தச் சில மாதங்களின் வெளிச்சத்தில், அதற்கு முன் பல தலைமுறை வாழ்ந்து உண்டாக்கிய நகரம் நம் நினைவிலிருந்து மறைந்துவிட்டது. போர்த்துகலுக்கு அரசனின் கதையும் இருக்கிறது, தெருக்களும் இருக்கின்றன. நமக்குக் கதை மட்டும் மிஞ்சியது.

*

எவொரா 1986-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. போர்த்தோ 1996-ல், கொயிம்ப்ரா பல்கலைக்கழகம் 2013-ல். செஞ்சி 2025 ஜூலையில் சேர்ந்தது, மராட்டியப் படைத்தளங்களாகச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. செய்தி வந்த அன்று மகிழ்ந்தேன், இன்றும் மகிழ்கிறேன். ஆனால் பட்டியல் ஏற்றுக்கொண்டது கோட்டையை. பிமெந்தா அளந்தது நகரத்தை.

இன்றைய செஞ்சி, கோட்டைக்குக் கிழக்கே திண்டிவனம் சாலையில் பேருந்துகளோடும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வந்து இறங்கும் நெல் மூட்டைகளோடும் தன்பாட்டில் இயங்குகிறது. அதைப் பார்க்கும்போது நகரம் முற்றிலும் சாகவில்லை, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும். அந்தத் தெருக்களில் இருக்கிறவர்களில் யாரோ சிலர் பழைய நகரத்தின் வழியில் வந்தவர்களாக இருக்கக்கூடும்.

கோட்டையின் மூன்று மலைகளுக்கும் நடுவே உள்ள சமதரையை யாராவது பொறுமையாகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அடுப்பு இருந்த இடம், கிணற்று உறை, தறிக்குழி, தெரு திரும்பிய மூலை இவற்றைக் குறித்துவைக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே பானை ஓடுகள் மேலே வந்து கிடக்கும். அவற்றிலிருந்து தொடங்கலாம்.