படம் பிடிப்பவன் கடமை

அயல்நாட்டு நகரங்களைக் காணச் செல்பவன் அங்கே எதைக் காணவேண்டும்? மாட மாளிகைகளையா, அவற்றின் முன் நிற்கும் தன்னையா? காம்பாரிலிருந்து படக்கருவியுடன் ஐரோப்பாவுக்குப் புறப்படும் நம் இளைஞரைக் காணுந்தோறும் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகின்றது.

கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ. கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படப்பிடிப்புக் கலை பயின்றவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் சென்ற கப்பலிலே, காந்தியடிகளைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பின்னர் ஐரோப்பிய நகரங்களில் அவர் அலைந்தது வேடிக்கை பார்ப்பதற்கன்று. பிறர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடியே. ஏறத்தாழ இலட்சம் மைல் திரிந்து சேர்த்தவை 1940இல் படமாக வெளிவந்தன. இத்தனை செய்தவர் தம்மைப்பற்றிச் சொன்னதோ மிகச் சிறிது.

இஃது வெறும் அடக்கமன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று, இது நீதி என்போம் நாம். யார் நினைக்கப்படுவர், யார் மறக்கப்படுவர் என்னும் அதிகாரம் கருவி பிடித்தவன் கையில் இருக்கின்றது. அதைத் தனக்கே செலவிடுபவன் பிறர் பங்கைக் கவர்கின்றான்.

வெள்ளையர் எடுத்த பழைய தோட்டப் படங்கள் பலவற்றில் நம் முன்னோர் பால் வாளியுடன் நிற்கின்றனர்; அடியில் பெயரில்லை. அவர்கள் வாழ்ந்த லயங்களும் மறைந்து வருகின்றன. ஆதலின், இளைஞர்களே, ஐரோப்பா செல்லுங்கள், நன்று! புறப்படுமுன் உங்கள் பாட்டியாரை ஒரு படம் பிடியுங்கள். அதன் அடியில் அவர் பெயரை எழுதுங்கள்.