நிறுத்தத் தெரிந்த கை

கார் சக்கர நட்டை எவ்வளவு முறுக்குவது? பலசாலி மரை கெடும்வரை முறுக்குவார். மற்றவர் பாதியில் விடுவார். இரண்டுமே ஆபத்து. பல கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு போதும். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

முறுக்கும் அளவை முன்கூட்டியே வைக்கக்கூடிய டார்க் ரெஞ்சில் அந்த எண்ணை வைத்து, கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இழுங்கள். ‘டக்’கென்று கையில் தட்டியதும் நிறுத்துங்கள். ‘எதற்கும் இன்னொரு இழுப்பு’ வேண்டாம்.

வேலை முடிந்ததும் ரெஞ்சை ஸ்கேலின் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கிப் பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய்யாகும். இறுகிய நட்டைக் கழற்ற இந்த ரெஞ்சை எடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

முறுக்கத் தெரிந்தவர் பலர். நிறுத்தத் தெரிந்தவரே நல்ல மெக்கானிக்.