யாருக்கு வழி விட்டோம்?

இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதன் மேஜையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்' என்று தலையணை சைஸில் ஒரு புத்தகம் கிடைக்கும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு மார்க் கேள்விகளாக விழுங்கி, மறுநாள் எழுதிவிட்டு, அதற்கு மறுநாள் மறந்துவிடுகிற பாடம். அதன் நடுவில் ஐந்தாறு பக்கத்துக்கு ஒரு தர்மசங்கடம் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதை அந்தப் பெயரில் சொல்லித் தருவதில்லை. 'கன்ஜெஷன் கன்ட்ரோல்' என்கிறார்கள். நெரிசல் கட்டுப்பாடு.

கதை 1986 அக்டோபரில் ஆரம்பிக்கிறது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் ஒரு பக்கம், பெர்க்லி பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். இடையில் 400 கஜம். இரண்டுக்கும் நடுவே வினாடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த தகவல், திடீரென்று 40 பிட்டாகச் சுருங்கியது. 40 பிட் என்றால் வினாடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து. ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர ஆறேழு நிமிஷம். அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்தே போயிருந்தால் சீக்கிரம் கொடுத்திருக்கலாம்.

ஒயர் அறுந்துபோனதா? இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. கோளாறு, அனுப்பியவர்களின் பழக்கத்தில்.

பதிவுத் தபாலில் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்பி வருமே, ஞாபகம் இருக்கிறதா? நெட்வொர்க்கிலும் அப்படித்தான். ஒரு பாக்கெட் அனுப்பினால் 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால், தொலைந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி அனுப்பு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால், கூட்டம் அதிகமாகி, வழியில் இருக்கும் ரவுட்டரின் இடம் நிரம்பியதும் அது பாக்கெட்டுகளைக் கீழே போட ஆரம்பிக்கும். பதில் வராதவர்கள் எல்லோரும் அதையே திரும்ப அனுப்புவார்கள். கூட்டம் இன்னும் ஏறும். இன்னும் கீழே விழும். இன்னும் அனுப்புவார்கள். கடைசியில் ஒயர் முழுக்க ஒரே சரக்கின் நகல்கள் முட்டி மோதிக்கொண்டு நின்றன. கேட் மூடிய ரயில்வே கிராஸிங்கில் இரண்டு பக்கமும் வண்டிகள் ரோட்டின் முழு அகலத்துக்கும் வந்து நிற்குமே, அதே காட்சி.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்ஸன், மைக் கேரல்ஸ் என்பவரோடு சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார். 1988-ல் வெளியான அவருடைய கட்டுரையில் இருக்கும் வைத்தியத்தைச் சமையலறை பாஷையில் சொல்லலாம். ஆரம்பத்தில் கொஞ்சமாகப் போட்டுப் பார். நிதானத்துக்கு வந்த பிறகு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று மட்டும் கூட்டு. பதில் வரவில்லையா? அழுத்தாதே. உன் வேகத்தைப் பாதியாகக் குறை.

இதில் எனக்குப் பிடித்தது, பதில் வராததற்கு அவர் கொடுத்த புது அர்த்தம். அதுவரை 'என் சரக்கு தொலைந்துவிட்டது' என்று படித்ததை, 'நான் அதிகமாகக் கேட்கிறேன்' என்று படிக்கச் சொன்னார். ஓலை அதேதான், படிக்கிற விதம் வேறு.

நான் பி.காம் படித்தவன். கணக்குப் போட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஒரு ஒயரில் 100 பங்கு இடம். ஒருத்தன் 80 வைத்திருக்கிறான், இன்னொருத்தன் 20. நெரிசல் வருகிறது, இருவரும் பாதியாக்குகிறார்கள். 40, 10. மீண்டும் ஒன்று ஒன்றாக ஏறி ஒயர் நிரம்பும்போது 65, 35. வித்தியாசம் 60-லிருந்து 30 ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் 15. யாரும் யாரையும் பிடுங்கவில்லை. அதிகம் வைத்திருந்தவன் அதிகம் விட்டான், அவ்வளவுதான். இந்தக் கணக்கை 1989-ல் சியூ, ஜெயின் என்ற இருவர் முறையாக நிரூபித்தார்கள். இன்றைக்குச் சில முறைகளில் பாதிக்குப் பதில் முப்பது சதவீதம் குறைக்கிறார்கள். ஆனாலும், நெரிசலைக் கண்டால் குறைத்துக்கொள்வது என்ற வழக்கம் நம் செல்போன் வரை வந்திருக்கிறது.

சரி, தர்மசங்கடம் எங்கே என்கிறீர்களா? குறைத்துக்கொள்ளச் சொல்ல நடுவில் யாருமே கிடையாது. அநேகமாக எந்த ரவுட்டரும் 'நீ பாதியாக்கினாயா?' என்று சரிபார்ப்பதில்லை. சட்டம் இல்லை, அபராதம் இல்லை. வாள் இல்லாத இடத்தில் ஒப்பந்தம் நிற்காது என்பது 1651-ல் 'லெவயதன்' எழுதிய தாமஸ் ஹாப்ஸின் கட்சி. இன்டர்நெட்டைப் பார்த்திருந்தால் மனிதர் என்ன சொல்லியிருப்பாரோ!

அவசரப்பட்டு மனித குலத்தை மெச்சிவிட வேண்டாம். உங்கள் போன் வழி விட்டபோது உங்களைக் கேட்டதா? கம்பெனியிலேயே போட்டு அனுப்பிய குணம் அது. நமக்குத் தெரியாமலே நாம் நல்லவர்களாக இருக்கிறோம். இது ஒரு நற்குணமா என்று கேட்டால், 'பெரியவங்க வந்தா எழுந்து நில்லு' என்று அம்மா சொல்லி வளர்த்ததும் ஏறக்குறைய இப்படித்தானே என்பேன். நாமாகத் தேர்ந்தெடுத்த மரியாதைகள் ரொம்பக் குறைவு.

தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தபோது என்ன நடந்தது? டயல்-அப் காலத்து டவுன்லோட் மேனேஜர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பாட்டை ஐந்து துண்டாக்கி ஐந்து இணைப்பில் இழுக்கும். ஒவ்வொரு இணைப்பும் விதிப்படிதான் நடக்கும், பணிவாகப் பாதியாகும். ஆனால் விதி இணைப்பைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரே இணைப்போடு இருந்தால், ஆறில் ஐந்து பங்கு நமக்கு. ரேஷன் க்யூவில் குடும்பத்தில் ஐந்து பேரை நிறுத்தினால் யார் என்ன சொல்ல முடியும்? விதி மீறவில்லையே! 1999-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். வந்து சேராத சரக்குக்கு 'கிடைத்தது, கிடைத்தது' என்று பொய்ப் பதில் போட்டால், அனுப்புகிறவன் ஏமாந்து இன்னும் வேகமாக அனுப்புவான்.

இதைவிட என்னை உறுத்துகிற விஷயம் வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டு என்று சொன்னேன். சுற்று என்றால், சரக்கு போய்ப் பதில் திரும்பும் நேரம். பக்கத்தில் இருப்பவனுக்குப் பதில் பத்து மில்லி வினாடியில் வருகிறது. தொலைவில் இருப்பவனுக்கு இருநூறு ஆகிறது. இவன் ஒரு படி ஏறுவதற்குள் அவன் இருபது படி ஏறிவிடுவான். இருவரும் ஒரே விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர்கள்தான். ஆனால் தூரத்தில் பிறந்தவனுக்குக் குறைந்த பங்கு. இந்த இடம் வரும்போது அந்தத் தலையணைப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ குடிக்கத் தோன்றுகிறது.

என் அண்ணன் மகள் கடைசி வருஷம் படிக்கிறாள். வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருகிற சீசன். அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஆளுக்கு ஒரு வேலைதான், கிடைத்தவர்கள் அடுத்த கம்பெனிக்கு உட்காரக் கூடாது என்று அவள் கல்லூரியில் ஒரு விதி. அடுத்து வந்த கம்பெனி ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம் தருவதாக இருந்தது. லேபில் அறுபது பேர் உட்காரலாம். மார்க் வரிசைப்படி முதல் அறுபது. பெரிய சம்பளம் கல்லூரி விளம்பரத்துக்கு நல்லது இல்லையா? வேலைவாய்ப்பு அதிகாரி அவளைக் கூப்பிட்டு, "உன் பேரையும் சேத்துடறேன்மா, வெளியில சொல்லிக்காதே" என்றிருக்கிறார். இப்படி, ஏற்கெனவே வேலை கிடைத்த பதினைந்து பேர் லிஸ்ட்டில்.

அன்று ராத்திரி எனக்குப் போன். "சித்தப்பா, நான் ஒதுங்கினா அந்த சீட்டு ஒண்ணுமே கிடைக்காதவனுக்குப் போகுமா, இல்ல ஏற்கெனவே வேலை வச்சிருக்கற இன்னொருத்தனுக்கே போகுமா?"

நல்ல கேள்வி. டி.சி.பி.க்கும் இதே தலைவலி உண்டு. ஒதுங்கத் தெரியாத ஒருத்தன் அதே ஒயரில் இருந்தால், இது விட்ட இடத்தை எல்லாம் அவன் வாரிச் சுருட்டுவான். ஒதுங்கியவன் காய்ந்துபோவான். இதைத்தான் ஊரில் 'பிழைக்கத் தெரியாதவன்' என்கிறார்கள். அண்ணன் ஏற்கெனவே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். "பேங்க் லோனை உன் நியாயமா வந்து கட்டும்?" என்று கேட்டாராம். அதையும் என்னால் அலட்சியமாக ஒதுக்க முடியவில்லை. கடன் நிஜம்.

என் கட்சியை அவளிடம் சொன்னேன். நாம் விட்ட இடம் யாருக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் விடுவேன் என்றால், யாரும் எதையும் விடப்போவதில்லை. அது பங்கு பிரிக்கிற அதிகாரத்தையும் நம் கையில் கேட்பது. ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்குவதும் பாதி வேலைதான். நெட்வொர்க்காரர்களே தனிமனித ஒழுக்கத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. 1989-ல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் என்ற மூவர், ரவுட்டரிலேயே ஆளாளுக்குத் தனி வரிசை வைக்கும் முறையை விளக்கி எழுதினார்கள். பேராசைக்காரன் முண்டினால் அவன் வரிசைதான் நீளும், பக்கத்து வரிசைக்குச் சேதம் இல்லை. "நீ ஒதுங்கறதுன்னா ஒதுங்கு. கூடவே, லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல போடச் சொல்லிக் கேளு. யாருக்கு ஏற்கெனவே வேலை கிடைச்சிருக்குன்னு பக்கத்துல ஒரு காலம் போடணும்."

"கேட்டா என் மேல கோபப்படுவாங்க சித்தப்பா."

"படுவாங்க."

கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் வழக்கமில்லைம்மா" என்று பதில் வந்திருக்கிறது. அவள் தன் பெயரை மட்டும் அடித்துவிட்டு வந்தாள். மற்ற பதினாலு பேரும் பரீட்சைக்குப் போனார்கள். கடைசி நிமிஷத்தில் அறுபதாவது நாற்காலியில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்தானாம். கைக்கு ஏற்கெனவே வேலை வந்தவனா, வராதவனா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. லோன் தவணை ஆரம்பிக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை, அண்ணி மட்டும் போன் செய்து, "நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டாள்.